லிஃப்ட் இல்லாத வீடு

வாடகை வீடு கேட்டு நான் முதன்முதலில் தொலைபேசியில் அழைத்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். வீடு இன்னும் காலியாக இருக்கிறது, மூன்று அறை, தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை, நீலாய் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று மலாயில் அடுக்கிக்கொண்டே வந்தவர், முடிவில், "நீங்கள் என்ன ஆள்?" என்று கேட்டார்.

"ரந்தாவ் ஆள்" என்றேன்.

அவர் சிரித்தார். ஊரைக் கேட்கவில்லையாம், இனத்தைக் கேட்டாராம். சொன்னேன். பிறகு, அந்த வீட்டைத் தன் மனைவியின் தம்பி ஏற்கெனவே கேட்டிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது.

அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே மைத்துனர் கேட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு நான் விசாரித்த வீடுகளையெல்லாம் யாராவது ஒரு மைத்துனரோ அக்கா மகனோ எனக்குச் சற்று முன்னால் கேட்டு வைத்திருந்தார்கள். சிலர் விளம்பரத்திலேயே இன்னாருக்கு மட்டும் என்று போட்டுவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பேசும் வேலையாவது மிச்சமானது. மலாய்க்காரர்களும் சீனர்களும் மட்டும்தான் அப்படி என்று சொன்னால் பொய்யாகிவிடும். நீலாயில் வீடுகள் வாங்கிப் போட்டிருந்த நம்மவர் ஒருவர், என் தமிழைக் கேட்டதுமே, "நம்ம ஆளுங்களுக்கு நான் விடுறதில்லமா. மனசுல வச்சிக்காதீங்க லா" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

நாங்கள் தேடியது இரண்டு பேருக்கான வீடு. அப்பாவும் நானும். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கல்யாணம் நிலைக்கவில்லை. நான் பெட்டியோடு திரும்பி வந்த நாளில் அப்பா எதுவும் கேட்கவில்லை. படுக்கையறையில் கிடந்த தன் கட்டிலைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த அறையை எனக்கு விட்டுவிட்டார். அது ரந்தாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்த தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அப்பா பிறந்ததும் அந்த லயத்தில்தான். முதலில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு குலை வெட்டினார். ஒரு குலை நேராக அவர் வலது முட்டியில் விழுந்ததோடு அந்த வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தோட்டத்து ஆபீசைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு பல வருடங்களாகவே இருந்தது. நிஜமாகவே விற்றபோது, வேலையில் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு ஈடு கிடைத்தது. அப்பா ஓய்வு பெற்றவர். இத்தனை காலம் அவரை அந்த வீட்டில் விட்டு வைத்ததே பெரிய காரியம் என்று மேனேஜர் நாசூக்காகச் சொன்னார். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு, "நீ வேலைக்கிப் போற எடத்துலயே பாத்துரு மா. ஒனக்கும் மோட்டர் ஓட்டுற அலைச்சல் மிச்சம்" என்றார். வீடு கிடைப்பது அத்தனை கடினம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் வேலை செய்வது நீலாயில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையில். மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைத்த இடங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கும் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என் வேலை. எனக்கு எதிர் இருக்கையில் என்னைவிட மூத்த மலாய்ப் பெண் ஒருவர் இருந்தார். நான் அவரைக் காக் என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். சாப்பாட்டு நேரத்தில் நான் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் என் கையிலிருந்து எண்ணை வாங்கி அவரே பேசினார். இரண்டே நிமிடம். "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்கிறார்கள்" என்றார், ஏதோ பாசாரில் மீன் வாங்கியதுபோல.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய காரில் போனோம். தரைத்தளத்து வீடு. வாசலில் ஒரு ஜாம்பு மரம். அப்பா படியே ஏற வேண்டியதில்லை என்று நான் மனதுக்குள் கட்டிலைப் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிக் குளிர்பானம் கொடுத்தார். யார் குடிவருவது என்று கேட்டார். காக் என்னைக் காட்டினார். வீட்டுக்காரர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, முகம் மாறவே இல்லை. அதே சிரிப்போடு, தன் மகள் இந்த ஆண்டே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், வீட்டை அவளுக்கே கொடுத்துவிடலாமா என்ற யோசனை இருப்பதாகவும் சொன்னார். காக் சட்டென்று எழுந்து, "உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் இன்னொரு குவளையில் குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் காக் அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அவர் வேறொரு யோசனை சொன்னார். அவர் பெயரில் வீடு எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் இருந்துகொள்ளலாம். வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டுனா நா எங்க மா போயி ஒளியிறது?" என்றார் அப்பா. கிண்டலுக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே எந்த அறையில் ஒளிவது என்று யோசிக்கிறவர்போல என்னைப் பார்த்தார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

எங்களுக்குக் கிட்டத்தட்டக் கிடைத்தேவிட்ட வீடு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் சொல்லி அந்த எண் கிடைத்தது. எடுத்தவர் வயதான பெண்மணி. தமிழ்தான் பேசினார், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ். அரசாங்க அலுவலகத்தில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிரம்பானில் இருக்கிறார், நீலாயில் லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் ஒரு வீடு சும்மா கிடக்கிறது. வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவாகவே சொன்னார். "எனக்குக் காசு பெரிசில்லை, பிள்ளை. வீட்டை வீடா வச்சிருக்கிற ஆக்கள் வேணும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அப்பா விசேஷங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் புதிதாக எழும்பியிருந்த வீட்டு வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இங்கிட்டெல்லாம் பால்மரமா இருந்துச்சி" என்று ஒருமுறை சொன்னார்.

அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து வீட்டைத் திறந்து வைத்திருந்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டிருந்ததால் காற்று சிலுசிலுவென்று வந்தது. அறைகளைக் காட்டினார். சாமி படம் வைக்க ஒரு மூலையை அவரே காட்டி, "இதில வையுங்கோ, கிழக்குப் பாக்கும்" என்றார். சுடுதண்ணீர்க் குடுவையில் தேநீர் கொண்டு வந்திருந்தார். இப்படி ஒருவர் எங்களிடம் பேசி எத்தனை மாதங்கள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்பா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தத் தோட்டம், ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அப்பா சொன்னார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! என்ட அப்பா அங்கதானே பெரிய கிராணியா இருந்தவர். நான் சின்னப் பிள்ளையா அங்க வளர்ந்தனான்."

அப்பா எழுந்து நின்றார்.

அது எப்படி நடந்தது என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்திரிக்க என் தோளைப் பிடிக்கும் மனிதர், தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தருடைய மகள் என்று கேட்டதும், குவளையைக் கீழே வைக்காமலேயே எழுந்து, சோபாவை விட்டு இரண்டடி விலகி, சுவரோரமாக நின்றார். "பெரிய கிராணி ஐயா மகளுங்களா? கார்ல ஸ்கூலுக்குப் போவீங்களே... சின்னப் பயலா ஐயா வீட்டுல நாந்தாங்க புல்லு வெட்டுவேன். வேலியோரமா நிப்பேன்" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. நான் கேட்டேயிராத ஒரு சின்னக் குரல்.

"ஐயோ, இருங்கோ ஐயா, இருங்கோ. இதென்ன" என்று அந்த அம்மா பதறினார்.

"இருக்கட்டுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா மூன்று தடவை உட்காரச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் குரல் ஏறக்குறைய கெஞ்சியது. அப்பா உட்காரவில்லை. தேநீரை நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு குவளையைக் கழுவி வைக்கச் சமையலறையைத் தேடிப் போனார். அந்த அம்மாவும் நானும் அங்கே தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பின் வாடகையைப் பற்றியோ சாவியைப் பற்றியோ பேச்சு எழவில்லை. "நான் ஃபோன் அடிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்று மட்டும் சொல்லி எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார்.

மறுநாள் மாலை அழைத்தார். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்று கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேடைமேல் வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் கட்டிலில் இருந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. வீட்டை நான் வேற ஆக்களுக்குக் குடுக்கப் போறன்."

காரணத்தையும் அவராகவே சொன்னார்.

"நேற்று உங்கட அப்பா எழும்பி நின்ட நேரத்தில இருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் அந்த வீட்டுக்கு வாற ஒவ்வொரு முறையும் அவர் அப்பிடித்தான் எழும்பி நிற்பார். என்னால அதைப் பார்க்கேலாது, பிள்ளை. என்ட அப்பா தோட்டத்தில எப்பிடி இருந்தவர் எண்டு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் அவரிட்ட எந்த வாயால வாடகை கேட்கிறது?"

"பரவால்லங்க ஆன்ட்டி" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. எங்களை நேரில் பார்த்த பிறகு மறுத்தவர்களிலேயே உண்மையான காரணத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. அவருக்கு மனம் பாரமாக இருந்தது, அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைத்துவிட்டார். எங்களுக்கு வீடு இல்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பழக்கம்மா" என்றார். "காலு தானா எந்திரிச்சிருது. கக்கூசுக்குப் போவ எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது. அதுக்கு மட்டும் எந்திரிக்குது."

நான் வெங்காயத்தை வெட்டி முடித்தேன். அன்றைக்குச் சமைத்ததை இருவரும் சாப்பிட்டோம். அப்பா ஒருமுறை, "நா வராம இருந்துருக்கணும்" என்றார். "அப்படியெல்லாம் ஒன்னும் இல்லப்பா" என்றேன். அது உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதற்குள் லயத்தில் எங்களையும் சேர்த்து மூன்று நான்கு குடும்பங்கள்தான் மிஞ்சியிருந்தன. ஒரு வீடு காலியானால் அடுத்த நாளே யாரோ வந்து கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக் கூரை போனதும் மழைத்தண்ணீர் நடுச்சுவரில் ஊறி எங்கள் பக்கம் பச்சையாகப் பாசி பிடித்தது. குழாயில் தண்ணீர் ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. விடுமுறை முடிந்துவிட்டது. மேனேஜர் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் முறை அவர் வரவில்லை. மண் வாரும் இயந்திரத்தைக் கொண்டு வந்து தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

கடைசியில் வீடு கிடைத்தது ஒரு விளக்குக் கம்பத்தில். கம்பத்தில் ஒட்டியிருந்த தாளில் ஓர் எண் மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு சீனர், லுக்குட்டில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அங்கே போய்ப் பார்த்தேன். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். நான் என்ன ஆள், எத்தனை பேர், என்ன சமைப்போம், எதையும் கேட்கவில்லை. மாதாமாதம் வாடகை வர வேண்டும், கரண்டு பில் பாக்கி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். சாவியை ஒரு துணியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது" என்றார்.

அப்பாவின் முட்டியை நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அது நீலாயில் பழைய அடுக்குமாடி. குடியிருந்தவர்களில் பாதிக்குமேல் தொழிற்சாலைகளுக்கு வந்திருந்த நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். மாடிப்படிகளில் கழற்றிப் போட்ட சப்பாத்துகளும் காய்கிற துணிகளும் ஒழுகுகிற தண்ணீரும். நாங்கள் லாரியில் போய் இறங்கிய அன்று எதிர்வீட்டு நேப்பாளிகள் கேட்காமலேயே வந்து அலமாரியையும் குளிர்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நான் பின்னாலேயே நின்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. காத்து வருது" என்றார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

முதலில் வாரம் ஒருமுறை இறங்கினார். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களில் மட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கொடுமை. முட்டி மடங்காமல் முழு உடம்பும் முன்னால் சாயும். கொஞ்ச காலத்துக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார். மருந்தை நானே போய் வாங்கி வந்தேன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சமையலறை ஜன்னலில் நின்று, கீழே நான் மோட்டாரை எடுப்பதைப் பார்ப்பார். மாலையில் வரும்போதும் அங்கேதான் நிற்பார். நடுவில் என்ன செய்தார் என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

அவருக்கு அங்கே ஒரே ஒரு சிநேகிதர் கிடைத்தார். மோட்டாரில் ரொட்டி விற்க வரும் ஒரு தமிழர். அவர் ஹாரனை அடித்ததும் அப்பா ஜன்னல் கம்பி வழியாகக் கயிற்றில் கட்டிய சின்ன வாளியை இறக்குவார். அதில் காசு இருக்கும். ரொட்டி மேலே வரும். நான் லீவு எடுத்த ஒருநாள்தான் அதைப் பார்த்தேன்.

"என்னாங்க பெரியவரே, மேல எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து கத்தினார் அவர்.

"மந்தாரமா இருக்குய்யா. அந்தப் பக்கம் மழ புடிச்சிருச்சி. சீக்கிரம் வித்துட்டு வீடு போயிச் சேரு!" என்று அப்பா கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினார். இருவரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் போன பிறகும் அப்பா கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிரித்தார். அந்தக் குடியிருப்பில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

லிஃப்ட் உள்ள வீடு ஏதாவது கிடைக்குமா என்று நான் விசாரிப்பதை விடவில்லை. ஆனால் நாள் போகப் போக ஊக்கம் குறைந்தது. ஒரு கூரை இருந்தது. வேலைக்குப் பக்கம். களைத்துப்போய் வீடு வந்து, மறுபடியும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஒருநாள் முற்பகலில் தொழிற்சாலைக்கு அழைப்பு வந்தது. எதிர்வீட்டு நேப்பாளி ஒருவர், உடைந்த மலாயில், அங்கிளுக்கு மூச்சு வாங்குகிறது என்றார். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கதவை அப்பாவே போய்த் தட்டியிருக்கிறார். காக் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கட்டி, நான்கு பேராகப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்க வேண்டியிருந்தது. அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்ததும், "இவங்களுக்குத் தூக்கம் போச்சி மா" என்றார். சிரம்பான் மருத்துவமனையில் அன்று பிற்பகலில் போய்விட்டார்.

பிணத்தை வாங்க வந்த சவ வண்டிக்காரர் அனுபவமுள்ளவர். அதட்டாமல், அவசரப்படுத்தாமல் பேசினார். "வீட்டுக்குக் கொண்டு போறீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"எத்தனாவது மாடி?"

சொன்னேன்.

"லிஃப்ட்டு?"

"இல்ல."

அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்த வீடெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. படி திரும்புற எடத்துல பெட்டி திரும்பாது. நிமித்தித்தான் தூக்கணும். பெரியவர அப்படிச் செய்யலாமா, நீங்களே சொல்லுங்க."

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கூடாரம் போட்டுக் கொஞ்ச நேரம் வைக்கலாமா என்று காக் கேட்டார். குடியிருப்பின் நிர்வாக அறையில் இருந்தவர், இதற்கு அனுமதி கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். தோட்டத்தில் கொண்டு போய் வைக்கலாம் என்று என் வாயில் வந்துவிட்டது. அங்கே லயம் இல்லை. மண்ணைச் சமன் செய்து சுற்றிலும் தகர வேலி அடைத்திருந்தார்கள்.

வீடு தேடிய அத்தனை மாதங்களில் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பேன். தண்ணீர் வருமா, மழை ஒழுகுமா, மோட்டார் நிறுத்த இடம் உண்டா என்று. ஒரு செத்த உடம்பைக் கொண்டு வந்து கிடத்த முடியுமா என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அம்மா இறந்தபோது அதைப் பற்றி யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. முன்னறையில் பாயைச் சுருட்டினோம், கட்டிலை இழுத்தோம், கிடத்தினோம், லயமே வந்து உட்கார்ந்தது. அப்பாவை மருத்துவமனைப் பிணவறையில் குளிப்பாட்டி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, நேராக மின்சுடலைக்குக் கொண்டு போனோம். அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பமும் பின்னால் ஒரு குடும்பமும் காத்திருந்தன. ரொட்டிக்காரர் எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருந்தார். கை கட்டி ஓர் ஓரமாக நின்றார். கொள்ளி வைக்க மகன் இல்லை என்பதால் என்னையே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பழைய தோட்டத்து ஆட்கள் துக்கம் கேட்க வந்தார்கள். சிரம்பானிலும் மம்பாவ்விலும், பிள்ளைகளின் வீடுகளிலுமாகச் சிதறிக்கிடந்தவர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். ஆண்கள் இரண்டு பேர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அம்மாவோடு பால்மரம் வெட்டிய ஒரு கிழவி.

"நாங்க கீழ நிக்கிறோம் ஆயி. எங்களால ஏற முடியலடி. நீ எறங்கி வாடி."

இறங்கினேன். மோட்டார்கள் நிற்கும் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், நடைபாதை விளிம்பில், நான்கைந்து கிழவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிப்பிடித்து, தோட்டத்தில் அழுவதுபோலவே வாய்விட்டு அழுதார்கள். நானும் அப்போதுதான் அழுதேன். வேலைக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு தங்கள் மோட்டார்களை எடுத்தார்கள். ஒருவர் எதையும் சொல்லாமல், எஞ்சினைப் போடாமலேயே தன் மோட்டாரைச் சாலைவரை தள்ளிக்கொண்டு போனார்.

"மேல எந்த வீடுடி?" என்று ஒரு கிழவி கேட்டாள். காட்டினேன். கைகளைப் புருவத்துக்குமேல் வைத்து எல்லாரும் அண்ணாந்து அந்த ஜன்னலைப் பார்த்தார்கள்.

துக்க வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது. நான் மேலே ஏறிப் போய்த் தேநீர் போட்டு, குடுவையிலும் குவளைகளிலுமாக எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கி வருவதற்குள் பாதி ஆறிவிட்டது. அவர்கள் அதைக் குடித்துவிட்டு, வேன்காரர் அவசரப்படுத்தியதால் கிளம்பிவிட்டார்கள். குவளைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். இரண்டாவது மாடியில் கால் வலித்தது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து, மீதியையும் ஏறினேன்.